மகமைப் பெட்டிக்கு லாபம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

பெப்ரவரி 8, 2025 – ஒரு வாசகர் கேட்டது

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போன வாரம் இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றைத் திறந்தார்கள். கட்டிக் கொடுத்தவர் கொழும்புப் புறக்கோட்டையில் கடை வைத்து முன்னுக்கு வந்தவர். மேடையில் இருந்த மற்ற ஆட்களில் பாதிப் பேர் வாழ்நாள் முழுக்க ஏழைகளுக்காகப் பேசியவர்கள், ஒரு செங்கல் வாங்கித் தந்தது கிடையாது. என் கட்சி இதுதான்: ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டுமென்றால் முதலில் வியாபாரத்தில் ஜெயிக்க வேண்டும். சம்பாதித்தவன் கொடுப்பான், மற்றவன் பேசுவான். மறுப்பவர்கள் உண்டா?

பெப்ரவரி 9

பாதி மறுக்கிறேன். கட்டடத்துக்குக் காசு வேண்டும், பேச்சால் கொங்கிறீட் இறுகாது, அது சரி. அந்த "முதலில்" என்ற சொல்தான் எனக்கு இடிக்கிறது.

நான் நாலாம் குறுக்குத் தெருப் பக்கம் பலசரக்கு மொத்தக் கடை வைத்திருக்கிறேன். மிளகாய், மல்லி, பருப்பு, கடலை. பெரிய கடை இல்லை, ஆறு பேர் வேலை செய்கிறார்கள். இதே பகுதியில் அப்பா இருபத்தேழு வருஷம் இன்னொரு முதலாளியிடம் கணக்கு எழுதினார். அந்தக் கடையின் நாள்வழி ஏட்டில் பற்றுக்கும் வரவுக்கும் பக்கத்தில் மகமை என்று, ஊர்ப் பொதுக் காரியத்துக்கு ஒதுக்கும் காசுக்காக, ஒரு ஒடுக்கமான பத்தி இருக்கும். மூட்டைக்கு இத்தனை சதம் என்று, விற்ற அன்றைக்கே அதில் ஏறிவிடும். அந்த மாசம் லாபமா நட்டமா என்பது ஐந்தொகை போடும்போதுதான் முதலாளிக்கே தெரியும், மகமையோ அதற்கு முன்பே தனிப் பெட்டிக்குப் போயிருக்கும். லொறிக் கூலி, நாட்டாமிக் கூலி மாதிரி அதுவும் ஒரு செலவு. (மூட்டை தூக்குபவர்களை இங்கே தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோருமே நாட்டாமி என்றுதான் சொல்வோம். தமிழ்நாட்டுக்காரர் இதை வாசித்துவிட்டு வேட்டி கட்டிய பெரிய மனுஷனைக் கற்பனை செய்ய வேண்டாம்.)

பழக்கம் தமிழ்நாட்டு வியாபாரிகளோடு வந்தது. விருதுநகர் நாடார்கள் இப்படிச் சேர்த்த மகமையில்தான் 1889இல் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். கோயில் வாசலில் அவர்களைத் தடுத்து நிறுத்திய காலம் அது. அப்போது அவர்களில் எத்தனை பேரை ஜெயித்தவர்கள் என்று சொல்ல முடியும்? பெரிய மண்டிக்காரரும் போட்டார், சின்னக் கடைக்காரரும் போட்டார், அவரவர் விற்றதற்குத் தக்கபடி. ஜெயித்த பிறகு கொடுப்போம் என்று எல்லோரும் உட்கார்ந்திருந்தால் அந்தப் பள்ளிக்கூடம் வந்திராது.

பெப்ரவரி 9, இரவு

மேலே எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உடனே பிழை பிடித்தார். மூட்டைக் கணக்கு இல்லையாம், நூறு ரூபாய் விற்பனைக்குக் கால் ரூபாயாம். அம்மாவுக்கு 78 வயது. காலையில் பிரஷர் மாத்திரை போட்டாரா என்பது ஞாபகம் இல்லை, எழுபதுகளின் மகமை விகிதம் ஞாபகம் இருக்கிறது. திருத்தி வாசியுங்கள்.

பெப்ரவரி 10

"நூற்றுக்குக் கால் ரூபாயில் என்ன கிழியும்" என்று கேட்டிருக்கிறார்கள். போட்டுப் பார்ப்போம். நாளுக்கு நாலு லட்சம் விற்கிற கடை என்றால் நாளுக்கு ஆயிரம் ரூபாய், மாசம் இருபத்தைந்து நாள் திறந்தால் இருபத்தைந்தாயிரம், வருஷத்துக்கு மூன்று லட்சம். விலை பேசும்போது ஒரு வாடிக்கைக்காரருக்கு நாங்கள் சும்மா விட்டுக்கொடுப்பது அந்த நூற்றுக்குக் காலைவிடக் கூட.

கேட்டவர் திரும்பி வந்து, "உங்களிடம் கடை இருப்பதால்தானே நாலு லட்சம் விற்கிறது, கடையே இல்லாதவன் எங்கே போடுவான்?" என்கிறார். நல்ல கேள்வி. பதில் இப்போது கையில் இல்லை.

பெப்ரவரி 16

பதில் இன்னும் இல்லை, ஆனால் கேள்விக்காரரின் பக்கத்துக்கு நானே இரண்டு சாட்சி கொண்டுவருகிறேன்.

ஒன்று, வாப்பிச்சி மரைக்கார். கொழும்பு நூதனசாலையை (அருங்காட்சியகத்தை) கட்டிய ஒப்பந்தக்காரர். 1877இல் அது திறந்தபோது ஆளுநர் அவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டதாகவும், அவர் தனக்கு ஒன்றும் வேண்டாம், வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடி வைத்தால் போதும் என்றதாகவும் ஊரில் ஒரு கதை உண்டு, சின்ன வயதில் நாங்கள் எல்லோரும் கேட்டது. எனக்கு அந்தக் கதையைவிட முக்கியம், 1892இல் மருதானையில் ஸாஹிராக் கல்லூரியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர் என்பது. சித்திலெப்பை என்ற சட்டம் படித்த மனுஷனின் யோசனையும், எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இங்கே வந்திருந்த ஒராபி பாஷாவின் தூண்டுதலும், கட்டடம் கட்டிச் சம்பாதித்த ஒருவரின் கையும் சேர்ந்தன. யோசனை மட்டும் இருந்திருந்தால் அது பத்திரிகைக் கட்டுரையாகவே நின்றிருக்கும்.

இரண்டாவது, சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா. என் இரண்டு பிள்ளைகளும் பிறந்தது பொரளைப் பக்கம் உள்ள டி சொய்சா மகளிர் மருத்துவமனையில். ரொம்ப நாள் அது ஏதோ அமைச்சரின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 1879இல் அந்தப் பிரசவ விடுதியைத் தன் காசில் கொடுத்தவர் அவர். மொறட்டுவையில் வேல்ஸ் இளவரசர் கல்லூரியும் அவர் கட்டியதுதான், 1876. அந்தக் குடும்பம் பணம் சேர்த்தது சாராயக் குத்தகையிலும் கோப்பித் தோட்டத்திலும். ஆக சாராயத்தில் வந்த சல்லியில் ஒரு பங்கு பிரசவ வார்டாக மாறி, நூற்றிச் சொச்சம் வருஷம் கழித்து என் மகள் அதில் பிறந்திருக்கிறாள். நான் சொந்தமாகச் சாராயம் தொட்டதில்லை. கணக்கு எங்கெல்லாம் சுற்றி வருகிறது பாருங்கள்.

கோப்பித் தோட்டத்தில் வேலை செய்தது யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்துக் கோப்பித் தோட்டங்களில் பாடுபட்டவர்களில் பெரும்பகுதி தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்த எங்கள் ஆட்கள். அம்மாவின் தாத்தாவுக்குத் தாத்தா யாராவது அந்த மருத்துவமனைக்கு ஒரு செங்கல் கொடுத்திருப்பார், கல்வெட்டில் பெயர் இருக்காது.

பெப்ரவரி 17

ஒருவர் பொன்னம்பலம் இராமநாதனையும் வியாபாரிகள் பட்டியலில் சேர்த்திருக்கிறார். அவர் அப்புக்காத்து (வழக்கறிஞர்), வியாபாரி இல்லை. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைத் தகப்பன் கட்டிய இடத்தில் 1907க்கும் 1912க்கும் இடையில் கருங்கல்லில் எழுப்பினார், சரி. 1921இல் அவர் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில்தான் இன்றைக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். காசு எந்த வழியில் வந்தாலும் கொடுத்தது கொடுத்ததுதான், ஆனால் நம் உரையாடல் இழை கடைக்காரர்களைப் பற்றியது. அப்புக்காத்துமார் தனி இழை தொடங்கட்டும், ஃபீஸ் கேட்காமல் எழுதுவார்களா பார்ப்போம்.

பெப்ரவரி 23

பெப்ரவரி 9இல் எழுதியதை இரண்டு வாரமாக மனதில் உருட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த மகமைப் பத்தியைப் பற்றி ஏதோ தேவாரம் மாதிரி எழுதிவிட்டேன். எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

அப்பா 1971இல் அந்தக் கடையில் சேர்ந்தார். 1998இல் 55 வயதானதும் சேமலாப நிதியை எடுக்கப் போனார். ஈபிஎஃப் என்ற இந்த ஊழியர் சேமலாப நிதிக்கான சட்டம் 1958இலிருந்து இருக்கிறது, தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு 8, முதலாளி தன் கையிலிருந்து 12, அது போக ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) என்று முதலாளி கட்ட வேண்டிய இன்னொரு 3. அப்பா இருபத்தேழு வருஷக் காசு என்று நினைத்துக் குடை, கைப்பை, அடையாள அட்டைப் பிரதி எல்லாம் எடுத்துக்கொண்டு போனார், நானும் கூடப் போனேன். கணக்கில் இருந்தது பதினொரு வருஷத்துக்கு. 1987க்கு முன்னால் அவர் பெயரில் ஒரு சதம் கட்டியிருக்கவில்லை. பதினாறு வருஷம் காற்றில் போய்விட்டது.

இந்த முதலாளிதான் ஆடிவேல் திருவிழாவுக்கு வருஷா வருஷம் தண்ணீர்ப் பந்தல் போட்டவர். கோயில் அன்னதானத்தில் அவர் பெயர் இல்லாத பலகை இல்லை. ஊரில், இந்தியாவில், அவர் கட்டிய வகுப்பறை இருக்கிறது. எல்லாம் அந்த ஒடுக்கமான பத்தியிலிருந்து போன காசு, ஒரு நாள் தவறாமல். அந்தப் பத்தியை நிரப்பிக் கூட்டிச் சரி பார்த்துப் பெட்டியில் போட்டவர் அப்பா. முதலாளி தன்னிடம் வேலை செய்தவனுக்குச் சட்டப்படி தர வேண்டிய பத்தியை வெறுமையாக வைத்துக்கொண்டு, தெரியாத ஆளுக்குச் சோறு போட்ட பத்தியை நிறைத்திருக்கிறார்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது அப்பா ஒன்றும் பேசவில்லை. 138ஆம் இலக்க பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். நான்தான் வீடு வரும்வரை கத்திக்கொண்டு வந்தேன்.

ஆகவே கேள்வியை நான் இப்போது வேறு மாதிரி வைக்கிறேன். கட்டடம் கட்டிக் கொடுத்த உங்கள் ஊர்ப் பெரியவரின் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு ஈபிஎஃப் கட்டுப்படுகிறதா? திறப்பு விழாவில் யாராவது கேட்டார்களா?

மார்ச் 1

கொஞ்சம் பொறுங்கள். அப்பாவின் முதலாளியைக் கள்ளன் என்றும் அதைவிட மோசமாகவும் நாலைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். அந்த உரிமை எனக்கு இருக்கலாம், உங்களுக்கு இல்லை.

1983 ஜூலை 25, தமிழர்களுக்கு எதிரான கலவரத்தில் அந்தக் கடை எரிந்தது. கூரையும் போனது, சரக்கும் போனது, ஏடுகளும் போயின. திரும்பத் திறக்க ஐந்து மாசம் ஆனது. அந்த ஐந்து மாசமும் அவர் வேலைக்காரர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் அரிசியும் கைச்செலவுக்குக் காசும் அனுப்பினார். நாங்கள் அகதி முகாமிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் படுத்திருந்தோம், அங்கேயும் ஆள் தேடி வந்தது. எங்கிருந்து அனுப்பினார் என்று நினைக்கிறீர்கள்? மகமைப் பணத்தை அவர் கடையில் வைத்திருக்கவில்லை, வங்கியில் தனிக் கணக்கில் போட்டிருந்தார். கடை எரிந்தபோது எரியாமல் இருந்தது அந்தக் காசு ஒன்றுதான்.

அன்னதானமும் அவர்தான், அரிசியும் அவர்தான், பதினாறு வருஷமும் அவர்தான். ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. 98இலிருந்து முயற்சி செய்கிறேன்.

மார்ச் 16

நோன்பு மாசம். பக்கத்துக் கடை ஹாஜியார் வருஷா வருஷம் இந்த மாசத்தில் சரக்கு எண்ணுவார், ஆள் குறைவாக இருந்ததால் நேற்றுப் பின்னேரம் நானும் போய் எண்ணிக் கொடுத்தேன். பிளாஸ்டிக் சாமான் கடை. ஸகாத் என்று அவர்கள் ஏழைகளுக்குக் கட்டாயமாக ஒதுக்கும் பங்கின் கணக்கு என்னவென்று இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் நான் சரியாகக் கேட்டதில்லை.

எண்ணும்போது சொன்னார். கட்டடம், அலுமாரி, தட்டு, வான் இதெல்லாம் சேராது. விற்க வைத்திருக்கிற சரக்கை இன்றைய விலைக்குப் போட வேண்டும், கையிலும் வங்கியிலும் உள்ள காசு, நிச்சயமாக வரும் என்று தெரிந்த கடன்பாக்கி, எல்லாவற்றையும் கூட்டி, தான் கொடுக்க வேண்டிய கடனைக் கழித்து, மிச்சம் 85 கிராம் தங்கத்தின் பெறுமதிக்கு மேல் இருந்து ஒரு சந்திர வருஷமும் கடந்திருந்தால், நூற்றுக்கு இரண்டரை. வருஷம் நட்டத்தில் முடிந்திருந்தாலும் தட்டில் சரக்கு இருந்தால் கொடுக்க வேண்டும். 2019இல் ஒரு மஞ்சள் நிறப் பேசின் வாங்கிப் போட்டு இன்னும் முந்நூறு கிடக்கிறதாம், போணியாகவே இல்லை. "இதுக்கும் ஆறாவது தடவ குடுக்கப் போறேன், இந்தப் பேசினே ஒரு ஏழதான்" என்று சிரித்தார்.

நீங்கள் கொடுப்பது என்று நான் ஏதோ சொல்லப்போக அவர் நிறுத்தினார். "நான் குடுக்கிறது இல்ல. அவங்கட சல்லி என்கிட்ட நிக்கிது, அத எண்ணி ஒப்படைக்கிறேன். நானா விரும்பிக் குடுக்கிறதுக்கு ஸதகான்னு வேற பேரு." இரண்டுக்கும் இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்குத் தர்மம் என்ற ஒரே சொல், அதற்குள் கடமையும் கிடக்கிறது, பெருமையும் கிடக்கிறது, எது எது என்று பிரித்தெடுக்க முடியவில்லை. அப்பாவின் முதலாளி குழம்பியதும் அங்கேதானோ என்னவோ.

வெற்றி பெற்ற பிறகு பெரிதாகக் கொடுத்ததற்கு உதாரணம் வேண்டுமென்றால் அதுவும் ஹாஜியார் வாயிலிருந்தே வந்தது. பேருவளை நளீம் ஹாஜியார். வறுமையில் வளர்ந்து, இரத்தினக்கல் வியாபாரத்தில் உயர்ந்து, 1973இல் ஜாமிஆ நளீமிய்யாவை நிறுவியவர். மார்க்கக் கல்வியையும் உலகக் கல்வியையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்த இடம். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர் கலாபீடம் கட்டினார் என்று சொல்லும்போது ஹாஜியாருக்குக் குரல் கொஞ்சம் ஏறியது.

ஏப்ரல் 14

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்து. கடையில் ஆறு பேருக்கும் கைவிசேஷம் கொடுத்தேன். இழையைத் தொடர்ந்து வாசிக்கிற பையன் ஒருவன் உறையை வாங்கிக்கொண்டு, "அண்ணே, இது ஸகாத்தா ஸதகாவா?" என்று கேட்டான். போய் வேலையைப் பார் என்றேன். இன்றைக்குக் கடை லீவு என்றான்.

ஏப்ரல் 27

அந்தப் பையன் கேட்டதற்கும், கடையே இல்லாதவன் எங்கே போடுவான் என்று பெப்ரவரியில் கேட்டதற்கும் நடுவில் எனக்கு ஒரு சொந்தக் கதை இருக்கிறது, சொல்லாமல் வைத்திருந்தேன்.

நான் கடை தொடங்கியது 2006. முதல் நாளிலிருந்து மகமை போடுகிறேன், நூற்றுக்குக் கால் ரூபாய்தான், பழைய விகிதம். ஈபிஎஃப்பும் முதல் மாசத்திலிருந்து கட்டுகிறேன், அது பெருமை இல்லை, 138 பஸ்ஸில் எடுத்த முடிவு. பெட்டியில் சேர்வது வருஷா வருஷம் போய்க்கொண்டிருந்தது, கொரோனா ஊரடங்கில் உலர் உணவுப் பொதிகளுக்குப் பெரும்பகுதி போனது. 2022 தொடங்கும்போது பெட்டிக் கணக்கில் மூன்று லட்சத்து அறுபதாயிரம்.

அப்புறம் என்ன நடந்தது என்று கொழும்பில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாசத்தில் 360ஐத் தொட்டது. பருப்புக்கும் மல்லிக்கும் எல்.சி. (இறக்குமதிக்கான வங்கிக் கடன் கடிதம்) திறக்க வங்கியில் டொலர் இல்லை. கடனுக்கு எடுத்த மலைநாட்டுக் கடைக்காரர்கள் ஃபோனை எடுக்கவில்லை, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, லொறிக்கு டீசல் இல்லை, அவர்கள் கடையில் ஆள் இல்லை. ஆறு பேருக்கு மாசச் சம்பளம் மட்டும் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். ஜூன், ஜூலை இரண்டு மாசம் என்னால் கொடுக்க முடியவில்லை. வீட்டுக்கு அனுப்பிவிடு என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

பெட்டியை உடைத்தேன். மூன்று லட்சத்து அறுபதும் சம்பளத்துக்குப் போனது, குறைந்த ஒரு லட்சத்து இருபதுக்கு மனைவியின் இரண்டு காப்பு அடகுக்குப் போயின.

இது தர்மமா? அன்றைக்கு அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், 83இல் முதலாளி செய்ததைத்தானே நானும் செய்கிறேன் என்று. ஆறு மாசம் கழித்துத் தூக்கம் வராத ஒரு ராத்திரியில் உறைத்தது: அவர் கொடுத்தது கடையே இல்லாத ஐந்து மாசத்தில், வேலையே நடக்காத நேரத்தில். என் ஆட்கள் ஜூனிலும் ஜூலையிலும் வேலைக்கு வந்தார்கள், சைக்கிளில் வந்தார்கள், ஒருவன் மட்டக்குளியிலிருந்து நடந்தே வந்தான். செய்த வேலைக்குக் கூலி கொடுக்க ஊர்க் காசை எடுத்திருக்கிறேன். என் கடனை ஏழைகளின் காசால் அடைத்துவிட்டுத் தர்மம் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

2023 ஜனவரியிலிருந்து மாசம் பத்தாயிரம் பெட்டிக்குத் திருப்பிக் கட்டுகிறேன், மகமைக்கு மேலதிகமாக. சில மாசம் தவறியது. இன்னும் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பாக்கி. காப்பு மீண்டு வந்துவிட்டது, கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், மனைவியும் இதை வாசிப்பாள்.

மே 13

வெசாக். பெப்ரவரியில் கேட்ட கேள்விக்குப் பதில் நேற்று எங்கள் தெருவிலேயே கிடைத்தது, ஓரளவுக்கு.

எங்கள் தெரு நாட்டாமிமார் தன்சல் (வெசாக்குக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் பந்தல்) போட்டார்கள். அவித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டச் சம்பலும். இருபத்திரண்டு பேர், ஆளுக்கு ஐந்நூறு, பதினோராயிரம். பெரும்பாலானவர்கள் சிங்களவர்கள், ஐந்தாறு பேர் எங்கள் ஆட்கள், இரண்டு பேர் முஸ்லிம்கள். நாள் கூலி, மூட்டை வந்தால் காசு, வராவிட்டால் இல்லை. கேள்விக்காரரின் கணக்கில் இவர்கள் யாரும் இன்னும் "முதலில்" தாண்டாதவர்கள்.

ஆனால் பதினோராயிரத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேருக்குக் கிழங்கு கொடுக்க முடியாது. கிழங்கு மூட்டைகளை ஒரு கடை தந்தது. எரிவாயு இன்னொரு கடை. பெரிய கிடாரம் ஹாஜியாருடையது, மிளகாயும் லொறியும் என்னுடையது. சுகாதாரப் பரிசோதகரிடம் பதியும் வேலைக்கு ஓடியவர் தைத்த துணி விற்கிற ஒருவர். ஆகவே காசு கடைகளிலிருந்துதான் வந்தது என்று நீங்கள் சொல்லலாம், சரிதான். ஆனால் கடைக்காரர்கள் நாங்கள் ஒருவர்கூட தன்சல் போடலாம் என்று யோசிக்கவில்லை. அந்த இருபத்திரண்டு பேர் ஐந்நூறைச் சேர்த்துக்கொண்டு கடை கடையாக ஏறி வந்தபோதுதான் எங்களுக்கு வெட்கம் வந்தது. ராத்திரி பதினொரு மணிக்குக் கிழங்கு தீர்ந்தது. சம்பல் மிஞ்சிவிட்டது, மிளகாய் தந்தது நான் என்பதால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஜூன் 8

தவறாகக் கொடுத்த கதையும் வேண்டுமாம். என்னிடம் தாராளமாக இருக்கிறது.

2018இல் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு, அம்மாவின் ஊர்ப் பக்கம், மூன்று கம்ப்யூட்டர் கொடுத்தேன். மாலை, பொட்டு, பாண்ட் வாத்தியம், புகைப்படம். அடுத்த வருஷம் போனால் மூன்றும் அதிபர் அறையில் பூப்போட்ட துணி மூடி இருந்தன. மின்சாரம் அடிக்கடி ஏறி இறங்கியதில் ஒன்று போய்விட்டது, மற்ற இரண்டும் போய்விடும் என்ற பயத்தில் யாரும் தொடவில்லை. கற்றுக் கொடுக்க ஆசிரியரும் இல்லை. நான் கொடுப்பதற்கு முன்னால் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் புகைப்படத்துக்கு நன்றாக இருக்காத ஏதாவது சொல்லியிருப்பார்கள்.

அந்த இரண்டாம் பயணத்தில்தான் ஒரு ஆசிரியையிடம் உண்மையில் என்ன தேவை என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னார்: வேன். மேல் டிவிஷனிலிருந்து உயர்தரம் படிக்க டவுனுக்குப் போகும் பிள்ளைகள் பதினான்கு பேர், அந்தப் பாதையில் பஸ் கிடையாது, பின்னேர வகுப்பு முடிந்தால் இருட்டில் தேயிலை மலைக்குள் நடக்க வேண்டும், அதனாலேயே பெண் பிள்ளைகளை நிறுத்திவிடுகிறார்கள். வேன்காரருக்கு மாசம் பதினெட்டாயிரம் என்று பேசினோம். 2022இல் எட்டு மாசம் நின்றது, பெட்டி காலி, மேலே சொன்னேன். நின்ற அந்த எட்டு மாசத்தில் மூன்று பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டார்கள். கம்ப்யூட்டர் கெட்டுப்போனதைவிட இதுதான் உறுத்துகிறது. கட்டடம் என்றால் ஒரு தடவை கொடுத்துவிட்டு மறந்துவிடலாம். வேனுக்கு மாசா மாசம் ஐந்தாம் தேதி.

கட்டடம் கொடுத்த பெரியவரைக் குறை சொல்லவில்லை. அந்த அளவுக்கு என்னிடம் இல்லை. இருந்தால் நானும் கட்டடம்தான் கொடுத்திருப்பேனோ என்னவோ, மாலை யாருக்குக் கசக்கும்.

ஜூன் 10

வரிச் சலுகை பற்றிக் கேட்டவருக்கு. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில், அங்கீகரிக்கப்பட்ட தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுத்தால் கழிக்கலாம். தனி ஆள் என்றால் வரிக்குரிய வருமானத்தில் மூன்றிலொரு பங்கு அல்லது 75,000 ரூபாய், எது குறைவோ அது. கம்பெனி என்றால் ஐந்திலொரு பங்கு அல்லது 5 லட்சம், எது குறைவோ அது. வேன்காரர் அங்கீகரிக்கப்பட்ட ஸ்தாபனம் இல்லை. இழையை இதற்காகப் பின்தொடர்ந்தவர்கள் இப்போது போகலாம்.

ஆகஸ்ட் 3

ரெண்டு மாசம் எழுதவில்லை. வீடு வெள்ளையடித்தோம். அப்பாவின் தகரப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன், 2011இல் அவர் போன பிறகு யாரும் திறக்கவில்லை. உள்ளே 1986 நாள்வழி ஏடு. கடையை முதலாளியின் மகன்மார் மூடும்போது பழைய ஏடுகளைக் கடதாசிக்காரனுக்குப் போட்டார்கள், அதில் ஒன்றை அப்பா எடுத்து வந்திருக்கிறார். ஏன் இந்த ஒன்றை மட்டும் என்று அப்போது யோசிக்கவில்லை.

முதலில் விகிதப் பிரச்சினை. மிளகாய்க்கு மூட்டைக் கணக்கு, மற்ற எல்லாவற்றுக்கும் நூற்றுக்குக் கால். நானும் அம்மாவும் பாதிப் பாதி சரி. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

மகமைப் பத்திக்குப் பக்கத்தில், அப்பாவின் கையால் கோடு போட்டு, தலைப்பில் "சே. நிதி" (சேமலாப நிதி) என்று எழுதிய இன்னொரு பத்தி இருக்கிறது. ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கும் வெறுமை. ஒரு எண்கூட இல்லை. டிசம்பர் கடைசிப் பக்கத்தின் அடியில் மட்டும் பென்சிலில் ஒன்பது பேரின் பெயர், ஒவ்வொருவரின் வருஷச் சம்பளம், மொத்தம் 1,08,000, அதற்கு நூற்றுக்குப் பன்னிரண்டு 12,960, கீழே இரண்டு கோடு. அதற்குப் பக்கத்தில் அந்த வருஷ மகமை மொத்தத்தையும் எழுதி வைத்திருக்கிறார்: 13,415.

ஒன்பது பெயரில் அப்பாவின் பெயர் கடைசி. 1987 ஜனவரியிலிருந்து எல்லோருக்கும் கட்டத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஏட்டை அம்மாவிடம் காட்டி, 98இல் தொழில் திணைக்களத்துக்குப் போனோமே, அன்றைக்குத்தான் அப்பாவுக்குத் தெரியும் என்று நினைத்தேனே என்றேன். "கணக்கு எழுதினவருக்குத் தெரியாமலா இருக்கும்" என்றார் அம்மா. முதலாளியிடம் அப்பா இதைக் காட்டினாரா, அப்பா என்ன சொன்னார், முதலாளி என்ன சொன்னார் என்றெல்லாம் கேட்டேன். மாத்திரை போட்டேனா என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.